ஸ்டியரிங் தண்டில் ஒரு கோடு

ஆனி 5, புதன்

என் பெயர் பச்சியண்ணன். இதை நானே எழுதினேன். இத்தனை வருடம் என் பெயரை எழுதியவர்கள் எல்லாம் வேறு ஆட்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஷகிலா டீச்சர், தினமும் மேலே தேதி போட்டு அன்றைக்கு நடந்ததை எழுதச் சொன்னார். நல்லது கெட்டது இரண்டையும் எழுதலாமாம்.

நல்லது: சங்ககிரி போகும் வழியில் ஒரு பலகையில் ‘பஞ்சர் ஒட்டப்படும்’ என்று இருந்ததைப் படித்தேன். அந்தப் பலகையைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். டயர் படம் போட்டிருந்ததால் பஞ்சர் கடை என்று தெரியும். எழுத்திலும் அதுவேதான் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

கெட்டது: வண்டியின் ஸ்டியரிங்.

ஆனி 6, வியாழன்

என் வண்டி பழைய மூக்கு லாரி. இப்போதைய லாரிகள் முகம் சப்பையாக இருக்கும். என்னுடையதற்கு இன்ஜின் முன்னால் மூக்காக நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது தூர லோடு இல்லை. தேங்காய் மட்டை, சோளத்தட்டு, பக்கத்து ஊர் வரைக்கும் ஓட்டுகிறேன்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. சக்கரத்தைக் கால்வாசி திருப்பிய பிறகுதான் டயருக்கே சேதி போகிறது. குழாய்க்குள் தண்டு லொடலொடவென்று அடிக்கிறது. வரும் 26ஆம் தேதி எஃப்.சி. காட்ட வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ ஆபீசில் வாங்கும் சான்று அது. இந்த ஆட்டத்தோடு போனால் கிடைக்காது.

என் மகன் தங்கராசு முடிவாகச் சொல்லிவிட்டான். “எஃப்சி கெடச்சா ஓட்டுங்கப்பா, நான் வாயத் தொறக்கல. கெடைக்கலைன்னா ஓட்டல்காரருக்குக் குடுத்தர்லாம்.”

பைபாஸில் புதிதாக ஓட்டல் கட்டும் ஒருவர் என் வண்டியை வாசலில் நிறுத்தி வைக்கக் கேட்கிறார். மூக்கைத் திறந்து இன்ஜினை எடுத்துவிட்டு அதற்குள் பூச்செடி வைப்பாராம். பூச்செடி.

சென்னியப்பனிடம் வண்டியை விட்டேன். பட்டறைக்காரன், என் மனைவியின் தம்பி. ஸ்டியரிங்கை மேலிருந்து கீழ்வரை கழற்றிப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அடிபட்ட வண்டியின் இரும்பு என் வண்டியில் ஏறக் கூடாது, ஓர் ஆணிகூட. டிரைவர்கள் நிறையப் பேர் இதைப் பார்ப்போம். இரும்புக்கு ஞாபகம் உண்டு.

ஆனி 7, வெள்ளி

இன்று ஒரு பெரிய சந்தோஷம். வண்டியின் நெற்றியில் ‘நல்லம்மாள்’ என்று இருக்கிறது. என் மனைவி பெயர். அவள் உயிரோடு இருந்தபோதே பெயிண்டரிடம் சொல்லி எழுதவைத்தது. எழுதியிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று பட்டறையில் நின்று ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறான். இறந்துபோன பெயிண்டருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்தோடு திரும்பும்போது பட்டறை வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஓட்டல்காரர். சென்னியப்பன் அவரோடு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஆனி 10, திங்கள்

இன்று ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். முதலில் சக்கரம். பிறகு நீளமான குழாய், அதற்குள் ஓடும் தண்டு, அடியில் பெட்டி. பெட்டியிலிருந்து பல்லு வெட்டிய குட்டைத் தண்டு ஒன்று வெளியே வரும். அந்தத் தண்டில் ஏறித் தொங்குகிற இரும்புக் கைதான் டயர்களை இழுத்துத் திருப்புவது.

கையைக் கழற்றுமுன் பட்டறைக்காரர்கள் ஓர் அடையாளம் வைப்பார்கள். தண்டின் முனையிலும் கையிலும் ஒரே நேராக உளியால் ஒரு கோடு. திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். ஒரு பல்லு தள்ளி ஏறினாலும் வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது. சென்னியப்பனும் கோடு போட்டான். அவன் கை மென்மையானது. மயிரிழை போலத்தான் விழுந்தது.

எனக்கு வேறு யோசனை. இந்த மாதிரி வண்டியின் ஸ்டியரிங் சாமான் இப்போது எங்கும் கிடைக்காது என்று அவனே சொல்லியிருக்கிறான். கிடைக்காத சாமானுக்குத்தான் ஆசைப்படுவார்கள். என் சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? எஃப்.சி. கிடைக்காமல் போகட்டும் என்று ஓட்டல்காரர் சொல்லியிருந்தால்?

எனக்குத்தான் இப்போது எழுத்துத் தெரியுமே. என் முதல் எழுத்தான ‘ப’வை அந்தக் குட்டைத் தண்டின் முனையில் வெட்டிவிட முடிவு செய்தேன். மூன்று நேர்க்கோடுதான், உளிக்குச் சுலபம். குழாயில் வெட்டினால் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம், முனையை யாரும் மூட முடியாது.

சென்னியப்பன் எனக்கு டீ வாங்கிவரப் போனான். நான் சின்ன உளியை எடுத்தேன். முதல் கோட்டை நன்றாக ஆழமாக இறக்கினேன். இரண்டாவதுக்கு உளியை வைக்கும்போது அவன் செருப்புச் சத்தம் கேட்டது. உளியைப் போட்டுவிட்டேன்.

ஒரு கோடு போதும். என் கோடு எனக்குத் தெரியும்.

ஆனி 11, செவ்வாய்

இன்று அவன் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஆனி 13, வியாழன்

ஸ்டியரிங் குழாயும் தண்டும் திருச்செங்கோட்டு லேத்துப் பட்டறைக்குப் போயிருக்கின்றனவாம். சங்ககிரியில் இல்லாத லேத்தா? இங்கே கடைந்தால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன். அதனால்தான் தூரத்துக்கு அனுப்பியிருக்கிறான்.

மத்தியானம் போனபோது அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரியாது. அப்படியே எழுதுகிறேன்: “மச்சானுக்குத் தெரிய வேண்டாமுங். தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு. மொதல்ல அந்த வண்டி கதையச் சொல்லுங்.”

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். எந்த வண்டியின் கதை? என் வண்டிக்குக் கதை கேட்கும் ஆள் யார்? ஓட்டல்காரரைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் இன்று ‘ஐயம்’ என்ற சொல்லை எழுதவைத்தார். சந்தேகம் என்று பொருள் சொன்னார். எனக்கு அது உடனே மனதில் நின்றுவிட்டது என்று பாராட்டினார்.

ஆனி 15, சனி

சென்னியப்பன் பைக்கில் பின்னால் ஏதோ கட்டிக்கொண்டு வந்தான். சாக்கில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கி, ஒரு ஆள் கை நீளத்துக்கு மேல். ஸ்டியரிங் குழாய் மாதிரியே இருந்தது. என்னப்பா அது என்று கேட்டேன். “ஒண்ணுமில்லைங் மச்சான், பழைய இரும்பு” என்று சொல்லி உள் அறையில் வைத்தான்.

பழைய இரும்பைச் சாக்கில் சுற்றி எவன் கட்டுவான்?

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு லாரியின் பின்னால் ‘இடைவெளி விட்டு வரவும்’ என்று படித்தேன். முன்பு இதெல்லாம் வெறும் பெயிண்டாக இருந்தது. இப்போது எல்லா லாரியும் என்னோடு பேசுகிறது. சந்தோஷமாக இருந்தது. பிறகு சாக்கு ஞாபகம் வந்தது.

ஆனி 16, ஞாயிறு

அவன் அக்கா இறந்த பிறகு சென்னியப்பன் ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டில்தான் சாப்பிடுவான். கறி நான் சமைப்பேன், அவன் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான். இன்றைக்கு எனக்குக் கறி எடுக்க மனது வரவில்லை. ரசம் வைத்தேன். அவன் எதுவும் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். வண்டியில் மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன பூட்டைக் கேபின் கதவில் மாட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

அவன் பூட்டைத் தொட்டுப் பார்த்தான். “பூட்டு புதுசாட்டம் இருக்குதுங்” என்றான்.

“காலம் கெட்டுக் கெடக்குது மாப்ளே.”

“அதுஞ் செரிதானுங்.”

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆனி 20, வியாழன்

சாமான் லேத்திலிருந்து வந்துவிட்டது. நான் முதலில் பார்த்தது குட்டைத் தண்டின் முனையை. என் கோடு இருந்தது! துருவெல்லாம் போகக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். முனை வெள்ளி மாதிரி மின்னியது. நடுவில் என் கோடு ஒன்று மட்டும் தெளிவாக நின்றது. எனக்கு அதைப் பார்த்ததும் எழுத்துப் படித்த முதல் நாள் மாதிரி இருந்தது.

ஆக, தண்டு என்னுடையது. ஆனால் குழாயின் வாய்ப் பக்கம் புதிதாகப் பற்ற வைத்த அடையாளம் தெரிகிறது. என்ன ஒட்டியிருக்கிறான்? கேட்டதற்கு, விரிசல் விட்டிருந்தது, சரி செய்தோம் என்றான். எதை வைத்துச் சரி செய்தான் என்று சொல்லவில்லை.

பாதி நல்லவன், பாதி கள்ளன் என்று ஆள் இருக்க முடியுமா?

ஆனி 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஸ்டியரிங்கை மாட்டினான். குழாய்க்குள் தண்டு எண்ணெயில் நனைந்த மாதிரி ஓடியது. லொடலொடப்பு இல்லை. எனக்கு வாயெல்லாம் பல்லு. கடைசியில் அந்த இரும்புக் கையை மாட்டும்போது அவன் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக் கோட்டைத் தேடினான். கையில் இருந்த கோட்டைத் தண்டில் இருந்த கோட்டோடு சேர்த்துத் தட்டி ஏற்றி, நட்டை முடுக்கினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்றான். வேண்டாம், ஓட்டிப் பார்த்தால் தெரிந்துபோகும் என்று நான்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்கே வண்டியை அந்தப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

நேராகப் போகும்போது சக்கரம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. தண்டைத் தாங்கும் புஷ் வளையம் புதிது, பழகட்டும் என்றேன். ஏரிமேட்டில் முதல் வளைவு இடது பக்கம். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனைத் தட்டிக்கொடுத்தேன். இரண்டாவது வளைவு வலது பக்கம். திருப்பினேன். பாதியில் சக்கரம் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். இனி திரும்ப இடமில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கிளுவை வேலிக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு. சுவர் இல்லாத கிணறு.

இரண்டு பேருக்கும் அடியில்லை. ஒரு ஹெட்லைட் மட்டும் போயிற்று. சென்னியப்பன் இறங்கி வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். வண்டியை டிராக்டர் கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். ஒரு பட்டறைக்காரன் கையை மாட்டத் தெரியாமல் மாட்டலாமா என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

ஆனி 23, ஞாயிறு

அவன் சாப்பிட வரவில்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஆனி 24, திங்கள்

தங்கராசு வந்து சொன்னான். மாமா பட்டறையை மூடப்போகிறாராம். நேற்று இவனைக் கூப்பிட்டு, “கண்ணு போயிருச்சுப்பா. கோட்டுக்குக் கோடு வெச்சுத்தான் மாட்டுனேன், அப்பவும் தப்பாப் போயிருச்சு. ரெண்டு உசுரு போயிருக்கும். இனி இந்தக் கையில ஸ்பேனரு வேண்டாம்” என்று சொன்னாராம். அழுதாராம். சென்னியப்பன் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவன் அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு.

நாளை மறுநாள் எஃப்.சி. இனி வேறு யாரும் கழற்றி மாட்ட நேரமில்லை, ஓட்டல்காரரைக் கூப்பிட்டுவிடவா என்று தங்கராசு கேட்டான். உன் மாமா ஏற்கெனவே அவரோடு பேசி முடித்திருப்பாரே என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “மாமா பேசி முடிச்சாரா? வேப்பமரத்தடியில வெச்சு அந்தாளத் திட்டித் தொரத்திட்டாருங்கப்பா. எங்கக்கா மேல பூச்செடி வெக்க உனக்கு என்ன தகிரியம்னு கேட்டாராம். அந்தாளு எங்கிட்ட வந்து அழுவாத கொறை.”

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். டீச்சர் கரும்பலகையில் பெரிய ‘ப’ போட்டு, இதை யார் படிப்பீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை.

தண்டில் இரண்டு கோடு இருந்திருக்கும். ஒன்று மெல்லியது, ஒன்று ஆழமானது. கம்பிப் பிரஷ் போட்டால் எது நிற்கும் என்று லாரிக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். சனிக்கிழமை வேலிக்குள் நிற்கும்போதே தெரியும். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

ஆனி 25, செவ்வாய்

காலையில் பட்டறைக்குப் போனேன். கதவைப் பாதி இறக்கியிருந்தான். உள்ளே ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்பேனரை எடுத்தான்.

நான் சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தேன். இரும்புக் கையின் நட்டுக்கு நடுவில் தண்டின் முனை தெரிந்தது. என் கோடு தெரிந்தது. அதற்கு அடியில் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு வெட்டினேன். மல்லாந்து படுத்து வெட்டுவது சிரமம். துருத்தூள் கண்ணில் விழுந்தது.

“என்ன பண்றீங்?” என்றான் வெளியிலிருந்து.

“எழுதறேன்.”

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தான். இரண்டு கிழவர்களும் மல்லாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சத்தைக் கோட்டின் மேல் வைத்தான்.

“ப” என்றான்.

“மொதக் கோடு நீ போட்டதில்ல மாப்ளே. நான் போட்டது. நீ டீ வாங்கப் போனப்ப.”

“எதுக்குங்?”

“தண்ட மாத்தீருவயோன்னு.”

டார்ச்சை அணைத்துவிட்டான். மேலே எங்கேயோ எண்ணெய் சொட்டியது.

“அப்ப என்ற கண்ணு போகல” என்றான்.

“போகல.”

“செரி.” பிறகு சொன்னான்: “எங்கக்கா பேரு நெத்தியில இருக்குது. அதுக்கடியில படுத்து வேல செய்யறவன் நான்.”

நான் வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தேன்.

அவனும் எழுந்து போய், அன்றைக்குப் பைக்கில் கட்டிவந்த சாக்கை உள் அறையிலிருந்து எடுத்து வந்து அவிழ்த்தான். உள்ளே ஒரு பழைய ஸ்டியரிங் குழாய், வாய்ப் பக்கம் அறுத்தெடுத்தது. என் குழாயில் விரிசலாம், அறுத்த துண்டை அங்கேதான் பற்ற வைத்திருக்கிறான். வேறு வண்டி இரும்பு என்று தெரிந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று பயந்து, பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எந்த வண்டி, எப்படிச் செத்தது என்று விசாரித்திருக்கிறான். கடைசியில் ராசிபுரத்தில் ஒரு ரைஸ் மில்லில் உமி ஏற்றிக்கொண்டிருந்த வண்டியில் கிடைத்ததாம்.

“ஒருத்தரையும் இடிச்சதில்ல, ஒருத்தரும் இடிச்சதில்ல. ஓனரு செத்தப்பறம் நின்னே செத்துப்போன வண்டி. போதுங்களா?”

போதும் என்றேன்.

பெட்ரோல் துணியால் தண்டின் முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மயிரிழை போல அவன் கோடு தெரிந்தது, என் கோட்டிலிருந்து இரண்டு பல்லு தள்ளி. கையைக் கழற்றி அதற்குச் சேர்த்து மாட்டினான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு மெல்லிய கோட்டின் மேல் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தான்.

“எழுதறதுன்னா முழுசா எழுதிப்போடுங்க மச்சான்” என்றான். “பாதியில உட்டா அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?”

புது ஹெட்லைட் மாட்டி முடிக்கும்போது பொழுது இறங்கிவிட்டது.

ஆனி 26, புதன்

வலது வளைவு, இடது வளைவு, எட்டுப் போட்டுக் காட்டினேன். ஆர்டிஓ ஆபீசில் வந்து பார்த்தவர் சக்கரத்தை ஒரு விரலால் அசைத்தார். டயர் கூடவே அசைந்தது. இந்த வயது வண்டியில் இப்படி ஒரு ஸ்டியரிங்கா என்று கேட்டார். நான் சென்னியப்பனைக் கைகாட்டினேன். எஃப்.சி. கிடைத்துவிட்டது. சான்றில் என் பெயர் இருந்தது, நானே படித்துச் சரிபார்த்தேன்.

வெளியே வந்ததும் நான் டீ வாங்கப் போனேன். திரும்பும்போது சென்னியப்பன் தன் ஸ்பேனர் பெட்டியை மூடி, அதில் ஒரு பூட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கேபின் கதவில் நான் மாட்டியிருந்த அதே பூட்டு, காலையில் நான் கழற்றிச் சாவியோடு கேபினில் போட்டுவைத்தது. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான்.

“காலம் கெட்டுக் கெடக்குதுங்” என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் டீயை நீட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறிவிடும் என்று நானும் சொல்லவில்லை. பிறகு வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி எடுக்க வேண்டும்.